நாங்கள் தராத புல்தரை

குன்னூருக்குக் கீழே நாங்கள் இருந்த தேயிலை எஸ்டேட்டில் சமமான தரை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். தொழிலாளர் வீட்டு வரிசைகளான இரண்டு லயங்களுக்கும் நடுவிலிருந்த புல்தரை. மேல் லயத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள். கீழ் லயத்தில் சிலோனிலிருந்து திரும்பிய நாங்கள். கொழுந்து எடுக்கும்போதுகூட எட்டித்தான் நிற்போம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரு பக்கத்துப் பெண்களும் அந்தப் புல்லில் உட்கார்ந்து வெயில் காய்வோம், பேன் பார்ப்போம். பிள்ளைகள் ஒன்றாக உருளும்.

புதிதாக வந்த ஃபீல்டு ஆபீசர் அதைக் கம்பிவேலி போட்டு அடைத்தார். மலர்க் கண்காட்சிக்கு டேலியா வளர்க்க வேண்டுமாம். பழக்கத்தில் உள்ளே போய் உட்கார்ந்த என் அம்மாவின் மேல் ரப்பர் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார். ஜனவரி மாதக் குளிர். அம்மா நடுங்கிக்கொண்டு எழுந்து நின்றது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மேல் லயத்து அக்கா ஒருத்தி ஓடிவந்து தன் கம்பளியை அம்மாவுக்குப் போர்த்தினாள். என்னைப் பார்த்து, "அழுவாத அம்முணி. நாளைக்கு ஒருத்தரும் கொழுந்தெடுக்கப் போக வேண்டாம்" என்றாள்.

ஒன்பது நாள் யாரும் கூடையைத் தொடவில்லை. இரண்டு லயத்துக்கும் ஒரே அடுப்பில் கஞ்சி. பத்தாம் நாள் மேனேஜர் வேலியை எடுக்கச் சொன்னார். புல்தரையை இனித் தொழிலாளர் கமிட்டியே பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதியும் கொடுத்தார். டேலியாக்களை நானே வேரோடு பிடுங்கினேன். அது எனக்குப் போதவில்லை.

ஐந்தாறு வருஷம் கழித்து அந்த ஃபீல்டு ஆபீசரின் மகளுக்குக் கல்யாணம். பந்தல் போட வேறு இடமில்லை. நான் அப்போது கமிட்டியில் இருந்தேன். எங்கள் வாசலுக்கே வந்து நின்றார்.

"ஒரே ஒரு நாள்தானம்மா."

"எங்கம்மாகிட்ட கேளுங்க" என்றேன்.

அம்மா வெளியே வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அது நாங்க கூடி இருக்கிற இடம் ஐயா. குடுக்க ஏலாது."

கல்யாணம் ஃபேக்டரியின் பின்பக்க வராந்தாவில், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே நடந்தது. அதே நேரத்தில் நாங்கள் இரண்டு லயமும் புல்தரையில் கூடிப் பணியாரம் சுட்டோம், அவர் கண்ணில் படட்டும் என்றே.

"அந்தப் புள்ள நமக்கு என்ன பண்ணுச்சு?" என்று அக்கா மட்டும் ஒருமுறை கேட்டாள். ஒன்றும் பண்ணவில்லை. எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்குத் தின்றதைப் போல ருசியாக நான் எதையும் தின்றதில்லை.