கீழே நின்று பார்ப்பவர்

என் அக்காள் கிரேன் ஓட்டுகிறாள். அவள் கணவரான மாமா கீழே நின்று வழி சொல்கிறார். கட்டடத்தின் மறுபக்கம் இறங்கும் சுமை, உச்சிக் கூண்டில் இருக்கும் அக்காளுக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும், ஆனால் அவரால் அதை இம்மியும் அசைக்க முடியாது. வாக்கி டாக்கியில்தான் அவர்கள் குடும்பம் நடக்கிறது. நான் அங்கேயே வெல்டர் என்பதால் எல்லாம் என் காதிலும் விழும்.

இரும்புக் கம்பிக் கட்டு மேலே ஏறினால் மாமாவின் தோளும் கூடவே ஏறும். சுமை ஆடினால் பல்லைக் கடிப்பார். சாயங்காலம் அத்தனை டன்னையும் தானே சுமந்தவர் மாதிரி வந்து நாற்காலியில் பொத்தென்று விழுவார். போன பரிசோதனையில் ரத்த அழுத்தம் எகிறிவிட்டது.

"அடுத்த தடவையும் குறையலைன்னா உங்களை வேலைக்கு விட மாட்டேன்" என்று கம்பெனி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்காளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் சொல்லை நம்பி அவள் எப்படிச் சுமையை இறக்குவாள்?

அப்போதுதான் மாமா செல்போனில் சாங்கியத் தத்துவச் சொற்பொழிவு கேட்க ஆரம்பித்தார். உணர்வாக இருந்து வெறுமனே பார்ப்பது புருஷன். ஓடுவது, தூக்குவது, களைப்பது எல்லாம் பிரகிருதி, அதாவது இயற்கை. பார்க்கிறவன் 'நான் செய்கிறேன்' என்று நினைத்துக்கொள்வதால்தான் இத்தனை துன்பமும். மாமாவுக்குப் பொறி தட்டியது.

"சுமையை நான் தூக்கலை மாப்ள. பாக்கறேன், அவ்வளவுதான்" என்றார் என்னிடம்.

வீட்டிலும் பார்க்க ஆரம்பித்தார். தொட்டியில் குவிந்த பாத்திரங்களை அமைதியாகப் பார்த்தார்.

"பிரகிருதி கழுவிட்டு இருக்கேன். புருஷன் வந்து துடைச்சு வெச்சா தத்துவம் ஒண்ணும் தேஞ்சு போயிடாது" என்றாள் அக்காள். மாமா துண்டை எடுத்தார்.

வேலையிடத்தில் அவரை யாரும் தடுக்கவில்லை. "நிறுத்து, விடு, இழு" என்று கத்தியவர் இப்போது கண்டதை மட்டும் சொன்னார். "கண்ணாடி சுவர்ப்பக்கம் சாயுது." "காத்து இடதுலேருந்து வருது." அக்காளே முடிவெடுத்து இறக்கினாள். ஒன்றிலும் கீறல் விழவில்லை. மாமாவின் தோள் அசையவே இல்லை, எனக்கே பொறாமையாக இருந்தது.

பரிசோதனையில் மாமாவின் அழுத்தம் இறங்கியிருந்தது. டாக்டரே நம்பாமல் பட்டையை மறுபடி சுற்றிப் பார்த்தார். மாமாவுக்கு முகமெல்லாம் பல். அடுத்து அக்காள் கையை நீட்டினாள்.

"உங்களுக்கு அழுத்தம் ஏறியிருக்கு. இன்னும் கொஞ்சம் ஏறினா நீங்க கூண்டுக்குப் போக முடியாது" என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் மாமா கேட்டார். "உனக்கென்ன? எல்லாத்தையும் சரியாத்தானே இறக்கின?"

"இறக்கினேன். முன்னாடி நீங்க கத்துவீங்க, ரெண்டு பேரும் சேந்து தூக்கற மாதிரி இருக்கும். இப்ப வானிலை அறிக்கை வாசிக்கிறீங்க. மேல நான் தனியா இருக்கேன்."

பார்க்க ஒருவன் இருப்பதால்தான் பிரகிருதி இயங்குகிறது என்றும் அந்தச் சொற்பொழிவில் உண்டு. அந்த இடத்தில் மாமா தூங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் முதல் சுமை, கான்கிரீட் படிக்கட்டு. மாமா தோளைத் தளரவிட்டபடி நின்றார். "மெதுவா... இன்னும் கொஞ்சம்... நிறுத்து." படிக்கட்டு உட்கார்ந்தது. வாக்கி டாக்கிப் பொத்தானிலிருந்து அவர் விரலை எடுக்கவில்லை.

"தூக்கறது நீதான். ஆனா உன் சுமையை விட்டு நான் கண்ணை எடுக்கறதே இல்லை."

மேலேயிருந்து இரைச்சலோடு பதில் வந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் அக்காள்.