ஒக்ஸ்போட்டுக்கு ஒரு நன்றிப் பூசை

மகளுக்கு ஒக்ஸ்போட்டில் இருந்து கடிதம் வந்தது. இடம் தருகிறோம் என்றல்ல, நேர்முகத் தேர்வுக்கு வா என்றுதான். அதற்கே நான் லண்டனில் மிச்சம் என்கிற எங்கள் பகுதியில் இருக்கும் மாதா கோயிலில் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கிடைக்க முன்னமே நன்றி சொன்னால் கிடைத்துவிடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. “பல்கலைக்கழகம் கிடைத்ததற்காக” என்று என் கையாலேயே எழுதினேன். சுவாமி அதை அப்படியே வாசித்தார்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது எல்லாரும் கை கொடுத்தார்கள். அது நேர்முகம் மட்டும்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒக்ஸ்போட்டைப் பற்றிப் போனில் பார்த்துப் பாடமாக்கியதை அவிழ்த்துவிட்டேன். அங்கே முதல் தவணைக்கு மைக்கல்மஸ் என்று பெயர், எங்கள் மிக்கேல் அதிதூதரின் திருநாளை ஒட்டி வைத்தது. கடைசித் தவணை திரித்துவத்தின் பெயரில். மாணவர்களின் அறையைத் துப்புரவாக்குகிறவரை ஸ்கவுட் என்பார்கள். பட்டத்துக்குப் பின்னால் ஒக்ஸன் என்று போட்டுக்கொள்ளலாம். நாள் முழுக்க வேர்ஹவுஸில் பெட்டி தூக்குகிறவன் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, சும்மா சொல்லக் கூடாது, நாரிநோவே தெரியவில்லை. மகள் மட்டும் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றாள்.

தை மாதம் மறுகடிதம் வந்தது. இடம் இல்லை. ஒரு நாள் முழுக்க அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் இருந்து போய்வரக் கூடியதாக லண்டனிலேயே ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்தாள். கோயிலில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளினேன். ஷிப்ட் களைப்பில் ஆளாளுக்கு விளக்கம் சொல்ல ஏலாது என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒருநாள், மண்டபத்தில் தேநீர் ஊற்றுகிற அண்ணை அவளிடமே கேட்டுவிட்டார்.

“என்ன பிள்ளை, ஒக்ஸ்போட் எப்பிடி?”

நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நல்லாயிருக்கு அங்கிள்” என்றாள். கொஞ்சமும் தயங்கவில்லை.

அந்த நேரம் எனக்கு வந்தது வெட்கம் அல்ல, ஆறுதல். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

அடுத்த ஞாயிறு நான் வெளிக்கிட்டு நிற்கிறேன், அவள் வீட்டு உடுப்போடு சோபாவில் இருந்தாள். ஏழு வயதில் இருந்து கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள், காய்ச்சலோடும் போனவள். வரவில்லையா என்று கேட்டேன்.

“ஒவ்வொரு கிழமையும் அங்கையிருந்து வரேலாதெல்லோ அப்பா. நீங்கள் போங்கோ. ஆரும் கேட்டா, படிப்புக் கூடிப்போச்சு எண்டு சொல்லுங்கோ.”

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

போனேன். கேட்டார்கள். படிப்புக் கூடிப்போச்சு என்று சொன்னேன்.