பெண் பார்க்க வந்தவர் கேட்ட இங்கிலீஷ்

அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வார்கள். கொஞ்சம் நாகரிகம் கூடியவர்கள் இங்கிலீஷும் கேட்பார்கள். பாட்டுக்காவது ஒரு கீர்த்தனையை உருப்போட்டு வைக்கலாம். இங்கிலீஷில் எந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வரும் என்று யார் கண்டார்கள்!

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலிருந்து காவேரிப் பாலம் தாண்டித் திருச்சிக்குப் போய்ப் படித்த பெண் என் அக்கா ஒருத்திதான். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அதை எழுதியே தீரவேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. "இந்த இடம் தட்டிப்போனா எழுதிக்கோ. அமைஞ்சுதோ, பள்ளிக்கூடம் போனது போதும்" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கும்பகோணத்து இடம், யாரும் குறை சொல்ல முடியாத இடம்.

எனக்கு அப்போது எட்டு வயது. அக்காவின் இங்கிலீஷ்மேல் அவளைவிட எனக்குத்தான் கர்வம் அதிகம். அவர்கள் கேட்கப்போகிறார்கள், இவள் வெளுத்து வாங்கப்போகிறாள் என்று காலையிலிருந்தே காத்துக்கொண்டிருந்தேன்.

வந்த பிள்ளை தலையே நிமிரவில்லை. அவருக்கும் சேர்த்து அவருடைய தாய்மாமா பேசினார். கோர்ட்டில் உத்தியோகம். சொஜ்ஜியை முடித்துவிட்டு, "ஹியர், லிஸன், ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்? சொல்லு, பார்ப்போம்" என்றார்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. இரண்டையும் நாம் 'கேட்பது' என்று சொல்லிவிடுகிறோமே என்று நான் குழம்பியபோது, முந்தின வாரம்தான் அக்கா விளக்கியிருந்தாள். "தெருவிலே ஜட்கா போறது. நீ வேண்டாம்னாலும் சத்தம் காதிலே விழும். அது ஹியர். மனசைக் குடுத்துக் கேட்டா லிஸன். உனக்குப் பழக்கமே இல்லாத சமாசாரம்!"

அக்கா தரையைப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதான் மாமா. வித்தியாசம் ஒண்ணும் எனக்குத் தெரியலை" என்றாள்.

அடிப்பாவி! எனக்கு மானமே போயிற்று. அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. வாயைத் திறக்கப்போன என்னை அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

மாமாவோ கடகடவென்று சிரித்தார். "பேஷ்! டவுனுக்குப் போய்ப் படிக்கிற பொண்ணாச்சே, எதிர்வாதம் பண்ணுவாளோன்னு பிள்ளையோட அம்மாவுக்கு ஒரே கவலை. எங்களுக்கு இவ்வளவு படிப்பு போதும். தாம்பூலம் மாத்திக்கலாம் ஸ்வாமி" என்றார்.

அவர்கள் வண்டி ஏறிப் போனதும் வீடே கொண்டாட்டமாயிற்று. அம்மா பெருமாள் முன்னால் விளக்கேற்றினாள். அக்காவை மட்டும் காணோம். தேடிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கிணற்றடி ஈரத்தில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள்.

நன்றாகத் தெரிந்த பதில் சமயத்தில் மறந்துபோன துக்கம் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அழாதே அக்கா. நீ தப்பாச் சொன்னதை அவா யாருமே கண்டுபிடிக்கலை" என்றேன்.

அக்கா என்னை இறுகக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள். நல்லவேளை, சரியான சமயத்தில் வந்து ஆறுதல் சொன்னோம் என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.