தூணைக் கட்டிப்பிடிக்க ஓர் ஆள்

சங்கிலிமுத்துவின் உடம்புக்கு ஒரு நிறம், கைக்கு ஒரு நிறம். உடம்பு நம்ம ஊர்க் கறுப்பு. முழங்கைக்குக் கீழே வெள்ளி. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து கலக்குகிற ஆள் அவர். அந்த அலுமினியப் பொடி இருக்கிறதே, லேசுப்பட்டதில்லை. தேங்காயெண்ணெய் பூசி, சீயக்காய் போட்டு, பீர்க்க நாரால் தோல் உரியத் தேய்த்தாலும் ரேகையிலும் நகக்கண்ணிலும் உட்கார்ந்துகொண்டு, போவேனா என்னும். வியர்த்தால் மறுபடி மேலே வந்து பல்லைக் காட்டும்.

மகள் எழில் ஆறாம் வகுப்புக்குப் போகும்வரை அவர் இதைப் பற்றிக் கவலைப்பட்டதே கிடையாது. பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்த அன்றைக்கு, பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை, "உங்கப்பா பெயிண்டரா?" என்று எழிலிடம் கேட்டது அவர் காதில் விழுந்துவிட்டது. எழில் பதில் சொல்லாமல் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், மனுஷன் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கல்யாணம் காட்சிக்குக்கூட மகளோடு சேர்ந்து போகமாட்டார். தன்னால் பிள்ளைக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது. மருந்து அறைக்குள் நுழையும்போதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

2006 மாசியில் வந்தது வினை, வினோலியா டீச்சர் ரூபத்தில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதுரையில் மியூசியம், மகால் எல்லாவற்றையும் டிக்கெட் இல்லாமல் திறந்துவிடுகிறார்களாம்; பள்ளிக்கூடத்தில் வேன் பிடிக்கிறோம், பெற்றவர்கள் வந்தால்தான் பிள்ளைக்கும் இடம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். சங்கிலிமுத்து வயிற்றுவலி என்றார். அது எடுபடாமல் போகவே வயலில் வேலை என்றார். அவருக்கு ஏது வயல்? மனைவி செல்வலட்சுமி இதையெல்லாம் கேட்டு அசருகிற ஆளா!

"நீங்க வராட்டி நானும் போகல, பிள்ளையும் போகல. மூணு பேரும் வீட்ல உக்காந்து சுவத்தப் பாப்போம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்கிலிமுத்து முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு வேனில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார்.

காந்தி மியூசியம் வாசலில் முதல் கூத்து நடந்தது. காக்கிச்சட்டை போட்ட காவல்காரரைக் கண்டார்களோ இல்லையோ, வேனில் வந்த மொத்தக் கூட்டமும் தானாக வரிசையில் நின்றது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டது. ஆண்கள் வேட்டி மடிப்பை உதறிக் காட்டினார்கள். பெண்கள் சோதனைக்குத் தோதாகக் கையைத் தூக்கினார்கள். காவல்காரர் மிரண்டுபோய், நான் ஒன்றுமே கேட்கவில்லையே என்று நாலு பேரிடம் சத்தியம் பண்ணாத குறை. இவர்களும் பட்டாசுக் கம்பெனியில் திரி சுற்றுகிற, பெட்டி அடுக்குகிற ஆட்கள்தான், வாசலில் தினமும் தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், அந்தப் பழக்கம் என்று வினோலியா டீச்சர் விளக்கிச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது. சங்கிலிமுத்து மட்டும் கையைத் தூக்கவே இல்லை.

உள்ளேயும் அப்படித்தான். எல்லாப் படத்துக்கு முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எம்புட்டு பவ்யம் பாருங்க என்று டீச்சர் அவரை மற்றவர்களுக்கு உதாரணம் காட்ட, செல்வலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியாதா அந்தப் பவ்யம் எங்கிருந்து வந்தது என்று.

இருட்டத் தொடங்கியபோது மகாலுக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மாடி, அதெல்லாம் தூணா! அண்ணாந்து பார்த்த செல்வலட்சுமிக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஒரு தூணைச் சுற்றிப் பிடிக்க எத்தனை ஆள் வேண்டும் என்று டீச்சர் கேட்டதுதான் தாமதம், ஆளுக்கொரு தூணாக ஓடினார்கள். எழிலும் அம்மாவும் ஒரு தூணில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு கையை எட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள். ஒரு பக்கம் கை சேர்ந்தது, மறுபக்கம் சேரவில்லை.

"யப்பா, ஒரு ஆளு கொறையுது. வாங்க" என்று எழில் கூப்பிட்டாள்.

அவர் அசையவில்லை. எழில் ஓடிவந்து துண்டை உருவி அம்மாவின் தோளில் எறிந்துவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மூன்று பேரும் சேர்ந்தார்கள். தூண் அடங்கியது. எத்தனை நாளைக்குப் பிறகு மகளின் கை அவர் கையில்! சங்கிலிமுத்துவுக்கு விடவே மனசில்லை. அந்தச் சந்தோஷத்தில் நன்றாக வியர்த்தும் விட்டது.

கையை ஊன்றி விலகிப் பார்த்தால், வெள்ளைத் தூணில் பளபளவென்று விரல் விரலாக ஒரு கை. பாழாய்ப்போன பொடி!

மகால் காவலாளி வந்துவிட்டார். தூணுக்குப் பெயிண்ட் அடித்தது யார் என்று அவர் போட்ட சத்தத்தில் மொத்தக் கூட்டமும் திரும்பியது. எழிலோடு படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். சங்கிலிமுத்துவுக்குக் காதுமடல் சுட்டது. நான்தான், துடைத்து விடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எழில் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"பெயிண்ட் இல்ல சார், எங்கப்பா கை. புஸ்வாணத்துக்கு மருந்து கலக்குறாக. தீவாளிக்கு நீங்க விட்டது கூட இவுக கலந்ததா இருக்கும்."

காவலாளி அவரையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே போய் ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தார். துடைத்து முடிப்பதற்குள், எந்தக் கம்பெனி, அடுத்த தீபாவளிக்கு விலை குறைத்து ஒரு பெட்டி கிடைக்குமா என்று விசாரிக்கவும் ஆரம்பித்துவிட்டார். கிடைக்கும் என்று சங்கிலிமுத்துவுக்கு முன்னால் செல்வலட்சுமி வாக்குக் கொடுத்தாள்.

வேனுக்குப் போகிற வழியில் குழாய் இருந்தது. எழிலின் உள்ளங்கையிலும் பொடி அப்பியிருந்ததை அப்போதுதான் பார்த்தார். தண்ணீரைத் திறந்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"கையக் கழுவு தாயி. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல என்னன்னு கேப்பாக."

"கேக்கட்டும்ப்பா. கேட்டா சொல்லணும்ல."

சங்கிலிமுத்து குழாயை மூடினார்.