அலுமாரிக்குப் பின்னால் ஒராள்

குசினிச் சுவரில் இருந்த காற்றுத் துவாரத்தை நாங்கள் அடைத்தது குளிருக்காக இல்லை. கருவாட்டுக்காக. பக்கத்து வீட்டில் தனியாக இருந்த பிரெஞ்சுக் கிழவி ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினாள். இனி இந்த மணம் வந்தால் கட்டட நிர்வாகத்துக்கு எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுதினால் ஆள் வரும். வந்த ஆள் மணத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாது, அறைக்குள் எத்தனை பேர் என்றும் பார்க்கும். அரிசிச் சாக்கை மடித்துத் துவாரத்தில் வைத்து, சுற்றிவர மண்ணிற ரேப் ஒட்டினோம். கிழவி அதன் பிறகு தட்டவில்லை.

அறை ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடி. லா ஷப்பேலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் ஒருவர் தன் பெயரில் எடுத்து எங்களுக்கு உள்வாடகைக்குத் தந்திருந்தார். நாங்கள் அவரை முதலாளி என்போம். அவர் தந்தது இரண்டு பேருக்கு. ஒன்று நான். மற்றது இந்திய உணவகமொன்றில் தந்தூரி அடுப்பில் நிற்கும் அண்ணை. மூன்றாவது ஆளை நாங்களாகத்தான் சேர்த்தோம். என் வயதுக்காரன், இரவில் அலுவலகங்கள் துடைத்துவிட்டுப் பகலில் தூங்குபவன், அகதி விண்ணப்பம் ஒருமுறை தள்ளுபடியாகி மறு விசாரணைக்குக் காத்திருந்தவன். அலுமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்து, பின்னால் அவனுக்கு ஒரு மெத்தை போட்டோம். வாசலில் நின்று பார்த்தால் அலுமாரி மட்டும்தான் தெரியும். யார் கேட்டாலும் இரண்டு பேர் என்று சொல்ல வேண்டும். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

அந்தக் குளிர்காலத்தில் கட்டடத்தின் ஷோஃபாஜ், அறைகளைச் சூடாக்கும் இயந்திரம், நின்றுவிட்டது. திருத்த வருவதாகச் சொன்னவர்கள் பனி கொட்டியதும் வரவில்லை. எங்களிடம் ஒரு சின்னக் கரண்ட் ஹீற்றர் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு சோறும் வைத்தால் பியூஸ் விழுந்துவிடும். யன்னல் இடுக்குகளுக்கும் ரேப் ஒட்டினோம். கண்ணாடியின் உள்பக்கத்தில் பனி பூத்துக் கிடந்தது.

அண்ணைதான் உணவகத்திலிருந்து கரி கொண்டுவந்தார். பழைய இரும்புத் தாச்சியில் போட்டு, நடு அறையில் ஓட்டுத் துண்டின் மேல் வைத்தார்.

"அண்ணை, புகையாதே?"

"புகையிறது பச்சைக் கரியடா. இது தந்தூரிலை அரைவாசி எரிஞ்சது. ஒரு பொட்டுப் புகை வராது. இவ்வளவு வரியம் நெருப்புக்கு முன்னாலை நிக்கிறன், எனக்குச் சொல்லித் தாறியே?"

அவர் சொன்னது சரி. புகை வரவில்லை. அறை சூடானது. கை விரல்களை மடக்க முடிந்தது. நான் தோஹாவில் வெயிலில் விழுந்திருக்கிறேன், மிலானில் ரயில் நிலையத்துக்கு வெளியே குளிரில் படுத்திருக்கிறேன். ஒரு சட்டி நெருப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலையில் எனக்குத் தலையிடி. அண்ணைக்கும் அப்படித்தான். இரவு வேலையால் வந்தவன் தலையிடி ஒன்றும் இல்லாமல் வந்து, அலுமாரிக்குப் பின்னால் போய்ப் படுத்தான். மத்தியானம் எழும்பித் தனக்கும் தலை இடிக்கிறது என்றான்.

"பனிக் குணம். தைலத்தைப் பூசு" என்றார் அண்ணை. உணவகம் பூட்டியிருந்ததால் அன்று அவரும் வீட்டில்தான். தாச்சிக்கு இன்னும் கொஞ்சம் கரி போட்டார்.

எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தையும் அதனால்தான் பாதியில் விட்டேன். பாண் வாங்கி வருகிறேன் என்று இறங்கினேன். மற்றவன் திரும்பப் படுத்துவிட்டான். அண்ணை கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

தெருவில் பனி கணுக்காலுக்கு மேல் கிடந்தது. பஸ் ஒன்றும் இல்லை. முதலாளியின் கடைக்கு நடந்து போவதற்குள் தலையிடி குறைந்துவிட்டது. நானும் பூசியிருந்த தைலம் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

கடைக்குள் சனம் நிறைந்திருந்தது. வாங்க வந்தவர்களைவிடச் செய்தி கேட்க வந்தவர்களே அதிகம். எங்கள் ஆட்களுக்கு எந்த ரயில் நிற்கிறது, எந்தத் தெரு வழுக்குகிறது என்பதெல்லாம் அந்தக் கடையில்தான் தெரியவரும்.

"திரான்சிக்குப் போக வழியே இல்லையோ?" என்று ஒருவர் கேட்டார்.

"நடந்து போம். வயிறு கொஞ்சம் வத்தும்."

"நீர் முன்னுக்கு நடவும். உம்மடை முதுகு பனிக்கு நல்ல மறைப்பு."

முதலாளியின் மகள் காசுப் பெட்டியில் இருந்தாள். தகப்பன் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. அவளுடைய போனில் ஏதோ வந்தது.

"பிள்ளை, சனத்துக்கு வாசிச்சுச் சொல்லு. தமிழிலை" என்றார் முதலாளி.

அவள் சொல் தேடித் தேடிச் சொன்னாள். "விஜிலான்ஸ் ஒரான்ஜ், பனி எச்சரிக்கை. நாளைக்கும் இருக்குமாம். தேவையில்லாமல் கார் எடுக்க வேண்டாமாம். பிறகு, வீட்டிலை காத்து வாற ஓட்டையை அடைக்கக் கூடாது. கரி, பார்பெக்யூ உள்ளை வைக்கக் கூடாது. அதிலை ஒரு காஸ் வரும். மணக்காது, கண்ணுக்கும் தெரியாது. தலையிடிக்கும், சத்தி வரும், பிறகு நித்திரை வரும். வீட்டிலை எல்லாருக்கும் ஒரே நேரம் தலையிடிச்சால் உடனை வெளியிலை வரோணும்."

"என்ரை மனிசி வாயைத் திறந்தால் வீட்டிலை எல்லாருக்கும் ஒரே நேரம்தான் இடிக்கும்" என்றார் திரான்சிக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சனத்தைத் தள்ளிக்கொண்டு காசுப் பெட்டிக்குப் போனேன்.

"பிள்ளை, பொம்பியேக்கு அடி" என்றேன். "எங்கடை அறையிலை கரி எரியுது."

சிரிப்பு நின்றது. அவள் தீயணைப்புப் படையின் இலக்கமான பதினெட்டை அழுத்தி, முகவரி சொன்னாள், மாடி சொன்னாள். பிறகு போனைக் கொஞ்சம் விலக்கி என்னைப் பார்த்தாள்.

"உள்ளை எத்தினை பேர் எண்டு கேக்கினம்."

"ஒராள்" என்றது என் வாய். இரண்டு பேரில் நான் இங்கே நிற்கிறேன். கணக்குச் சரி.

முதலாளி பக்கத்தில்தான் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்றாவது ஆள் இருப்பது தெரிந்தால் அறை போய்விடும். இந்தப் பனியில் மூன்று பேரும் தெருவில். மெத்தையில் கிடப்பவனிடம் ஒழுங்கான கடதாசியும் இல்லை. சீருடை போட்டவர்கள் கேட்டால் அவன் என்ன சொல்வான்? இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரவில்லை, ஒரே அடியாக வந்தது. அவள் ஏற்கெனவே போனில் பிரெஞ்சில் ஒன்றுக்கு "உன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"இல்லை, ரெண்டு! ரெண்டு பேர் உள்ளை. ஒராள் அலுமாரிக்குப் பின்னாலை படுத்திருக்கிறான். பாத்தால் தெரியாது. அலுமாரிக்குப் பின்னாலை எண்டு சொல்லு!"

மகள் இரண்டு தரம் அழுத்திச் சொன்னாள். பிறகு, "நீங்கள் உள்ளை போகக் கூடாதாம், அங்கிள்!" என்று கத்தினாள். நான் அப்போது தெருவில் இருந்தேன்.

எத்தனை தரம் விழுந்தேன் என்று தெரியாது. ஐந்தாம் மாடியில் கதவைத் திறந்தபோது அறை நான் விட்டுப்போன மாதிரியே இருந்தது, சூடாக, அமைதியாக. அண்ணை கதிரையில் தலையைத் தொங்கப்போட்டிருந்தார். உலுக்கினேன். "ம்" என்றார். கமக்கட்டில் பிடித்து இழுத்துக்கொண்டு படிக்கு வந்தேன். அங்கே சத்தியெடுத்தார். ஆள் உயிரோடு இருக்கிறது என்று விட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போனேன்.

யன்னல் திறக்கவில்லை. நாங்களே ஒட்டிய ரேப். குசினியில் இருந்த சின்ன உலக்கையால் கண்ணாடியை அடித்தேன். குளிர் உள்ளே பாய்ந்தது. அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டால் அவனுடைய கால் கிடைத்தது. இழுத்தேன். வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தரம் இழுக்கும்போது என் முழங்கால் மடங்கியது. அதன் பிறகு படிக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை, தவழ்ந்துதான் வந்திருக்க வேண்டும்.

பொம்பியேக்கள் முகமூடியோடு ஏறி வந்தார்கள். ஒருவரின் மார்பில் தொங்கிய கருவி வாசலிலேயே கத்தத் தொடங்கியது. என்னிடம் குனிந்து ஏதோ கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "லார்முவார்!" என்று உள்ளே போனவர்களைப் பார்த்துச் சொன்னார். அலுமாரி. நான் சொல்ல முன்னமே அந்தச் சொல் அங்கே வந்து சேர்ந்திருந்தது. இரண்டு பேர் அதைக் கதவைத் திறப்பதுபோலத் தள்ளிவிட்டு அவனைத் தூக்கி வந்தார்கள். முகம் நல்ல சிவப்பாக, நித்திரை கொள்பவன் மாதிரி இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டினார்கள். கிழவியையும் போர்வை சுற்றி இறக்கினார்கள். அவளுக்கும் காலையிலிருந்து தலையிடியாம். தெருவில் என் பக்கத்தில்தான் நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அவன் பிழைத்தான். ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் வைத்து, இரண்டாம் நாள் விட்டார்கள். யாரும் கடதாசி கேட்கவில்லை. முதலாளி மட்டும் மேலே ஏறி வந்து, தள்ளிக் கிடந்த அலுமாரியையும் மெத்தையையும் நெடுநேரம் பார்த்தார். "இதுக்குள்ளையோ ஒருத்தனை வைச்சிருந்தனியள்?" என்றார். பிறகு, உடைந்த யன்னலுக்கு மட்டை அடிக்க ஆள் அனுப்புவதாகவும், மாதக் கடைசியில் எல்லோரும் வேறு இடம் பார்க்கும்படியும் சொன்னார். நான் ஓம் என்றேன். நான் இடம் மாறிப் பழகியவன்.

வீட்டுக்கு வந்தவன் வாசலில் நின்றபடியே கேட்டான்.

"ஆர் மச்சான் அலுமாரிக்குப் பின்னாலை எண்டு சொன்னது?"

"நான்தான்."

"முதலாளி பக்கத்திலை நிண்டவரோ?"

"நிண்டவர்."

"எத்தினை பேரெண்டு சொன்னனீ?"

"உன்னையும் சேத்துத்தான்."

குசினிச் சுவரில் சாக்கைப் பிடுங்கிய துவாரம் திறந்து கிடந்தது. அதற்குள்ளால் குளிர் நேராக வந்துகொண்டிருந்தது. அவன் குனிந்து மெத்தையின் ஒரு முனையைப் பிடித்து, "மற்றப் பக்கத்தைப் பிடி" என்றான். இழுத்து வந்து நடு அறையில், வாசலுக்கு நேரே போட்டோம்.