ஆறுமுகநயினார் விட்டுப்போன முதுகுகள்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் நஸீபாவுக்கு ஒரு சின்னக் கடை உண்டு. ஜெராக்ஸ், லேமினேஷன், படங்களுக்குச் சட்டம் போடுவது என்று மூன்று வேலையும் அதில் நடக்கும். கடையநல்லூரில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். பி.காம் முடித்த கையோடு முஃபீதுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் விடுப்பில் வருவான். கல்யாணமாகிப் பதினைந்து வருடமாகிறது. மகள் அதீபா ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நஸீபா எதற்கும் சட்டென்று பயப்படுகிறவள் இல்லை. கடைக்குள் பாம்பு வந்தபோது ஸ்கேலால் தள்ளிவிட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தவள்.

ஆறுமுகநயினார் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் சாராக இருந்து ஓய்வு பெற்றவர். தாள் வெட்டித் தரச்சொல்லி நஸீபா கடைக்கு வருவார். லினோலியம் தகட்டில் உருவத்தைச் செதுக்கி, கறுப்பு மை உருட்டி, தாளில் ஒற்றி எடுப்பது அவர் வழக்கம். அவர் தை மாதம் இறந்துபோனார். சித்திரையில் அவருடைய தங்கை உமாதேவி ஆட்டோவில் மூன்று தகரப்பெட்டிகளோடு வந்து இறங்கினாள்.

"நஸீபா, வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாவ. இத எங்க கொண்டு வைக்கட்டும்? நீ சட்டம் போட்டு வித்துப் பாரேன். எரிக்கதுக்கு மனசு வரல."

"என்ன படம்க்கா?"

"பாரு. நீயே பாரு."

பெட்டிகளில் ஏறக்குறைய நானூறு தாள்கள் இருந்தன. முப்பத்தெட்டுப் படங்கள், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பிரதி. எல்லாமே குற்றாலம் மெயின் அருவியில் குளிக்கிற ஆண்கள். ஒரு படத்துக்கு ஒரு ஆள். ஒருவருக்கும் முகம் கிடையாது. எல்லாரும் பாறையைப் பார்த்து நிற்க, முதுகின் மேல் வெள்ளைக் கோடுகளாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணன் இருவது வருசமா சீசனுக்குச் சீசன் அங்கனதான் கெடப்பான்," என்றாள் உமாதேவி. "எல்லா நாளும் வரைய மாட்டான். சும்மா பாத்துக்கிட்டே நிப்பான். சில நாள் வீட்டுக்கு வந்ததும், 'இன்னைக்கு ஒருத்தர் கெடச்சாரு'ன்னு சொல்லுவான். அன்னைக்கு மட்டும் நல்லாச் சாப்பிடுவான்."

நஸீபா முதலில் குற்றாலத்து லாட்ஜுகளுக்குத்தான் எடுத்துப் போனாள். ஒரு மேனேஜர் இரண்டு படத்தைப் புரட்டிவிட்டு, "எல்லாவனும் முதுகக் காட்டிக்கிட்டு நிக்குதானுவ. ரூமுக்கு வாரவன் பயந்துருவான்மா" என்றார். ஒரு ரிசார்ட்டில் மட்டும் ஆறு படம் எடுத்துக்கொண்டார்கள். பத்தாம் நாள் ஆறும் திரும்பி வந்தன. அறையில் தங்கியவர்கள் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டுப் போகிறார்களாம். ஒரே குடும்பம் அல்ல, ஆறு அறையிலும் அப்படியே. "பாத்துக்கிட்டே இருந்தா திரும்பிருவானோன்னு இருக்காம்" என்றான் கொண்டுவந்த டிரைவர்.

வேறு வழி தெரியாமல் முப்பத்தெட்டுப் படங்களையும் போனில் படமெடுத்து, தனக்குத் தெரிந்த வாட்ஸப் குழுக்களில் போட்டாள். மறுநாள் காலை கடையைத் திறக்கும்போது ஒரு பெண் வாசலில் நின்றிருந்தாள். கடையநல்லூர் மிஸ்ரியா. ஐம்பது வயதிருக்கும். போனை நீட்டி, "இந்தப் படம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

நஸீபா எடுத்துக் கொடுத்தாள். மிஸ்ரியா தாளை மேஜையில் வைத்து இரண்டு கையாலும் நீவினாள்.

"இது எங்க வீட்டுக்காரவ."

"எப்படி லாத்தா சொல்லுதீய? முகமே இல்லியே."

"இடது முழங்கையப் பாரு. சின்னதுல மரத்துலருந்து விழுந்து ஒடஞ்சது, நேரா ஒட்டல. கைய மேல தூக்குனா இப்படித்தான் வெளிய தள்ளிக்கிட்டு நிக்கும். ரியாதுலயே மவுத்தாயிட்டாவ. எட்டு வருசமாச்சு. அங்கனயே அடக்கிட்டாவ. கடைசியா நான் மூஞ்சியக்கூடப் பாக்கலம்மா."

அன்று மாலையே மிஸ்ரியாவின் இரண்டு நாத்தனார்கள் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் வாசுதேவநல்லூரிலிருந்து, செங்கோட்டையிலிருந்து, புளியங்குடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நஸீபா கடைக்குள் கொடி கட்டி, துணிக் கிளிப்பில் எல்லாப் படத்தையும் தொங்கவிட்டாள். வந்தவர்கள் பேசாமல் கொடிக்குக் கொடி நடப்பார்கள். ஒரு படத்தின் முன்னால் கால் நின்றுவிடும். சிலர் விரலால் தோள்பட்டையைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு கிழவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்டுவிட்டு, காத்து நின்றார். வெளியே சாரல் தொடங்கியிருந்தது. ஈரக்காற்று உள்ளே வரும்போது முப்பத்தெட்டு முதுகுகளும் ஒன்றாக அசையும்.

ஒரு நாள் எப்சிபா என்ற டீச்சரும், செண்பகவல்லி என்ற பூக்காரியும் ஒரே படத்தின் முன்னால் வந்து நின்றார்கள். ஒருத்தி தன் தம்பி என்றாள், இன்னொருத்தி தன் புருஷன் என்றாள். சண்டை வருமோ என்று நஸீபா எழுந்துவிட்டாள். வரவில்லை. செண்பகவல்லி மெதுவாக, "உங்க தம்பிக்கும் வலது தோளு எறங்கித்தான் இருக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். எப்சிபா தலையாட்டினாள். இருவரும் ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்டு ஒன்றாகவே பஸ் ஏறப் போனார்கள்.

சட்டம் செய்துகொடுத்தது பக்கத்துக் கடை ஏசுவடியான். மரவேலைக்காரர், கலகலப்பானவர். ஆனி பாதியில் ஒரு நாள், ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, இதுவரை இருவத்தி மூணு ஆளுக்குச் சட்டம் போட்டிருக்கேன். இதுல ஒருத்தனாவது உசுரோட இருக்கானா?"

நஸீபா யோசித்துப் பார்த்தாள். இல்லை.

"அந்த மனுசன் யாரப் பாத்து வரைஞ்சாரு? எதப் பாத்து வரைஞ்சாரு?" என்றார் ஏசுவடியான். "எனக்கு இனிமே வேண்டாம்மா. வேற ஆளப் பாத்துக்கோ."

நஸீபா உமாதேவிக்குப் போன் போட்டாள். ஏசுவடியான் கேட்டதைச் சொன்னாள். உமாதேவி, "செத்தவன் முதுகத்தானட்டி தேடி வருவாவ. உசுரோட இருக்கவன் முதுக எவ தேடுதா?" என்றாள். சரியான பதில்தான். நஸீபாவுக்கும் அது சரியென்றே பட்டது. ஆனாலும் போனை வைத்தபிறகு அவள் கண், இன்னும் யாரும் கேட்டு வராத பதினைந்து படங்களின் மேல் போய் நின்றது.

அதில், ஆறுமுகநயினார் அடியில் பென்சிலால் இருபத்தேழு என்று எண் போட்டிருந்த படத்தை அவள் முன்பு கவனித்ததில்லை. ஒல்லியான ஆள். ஒரு கையைத் தலைமேல் வைத்து, மறு கையால் இடுப்புத் துண்டைப் பிடித்திருந்தான். கழுத்து கொஞ்சம் முன்னால் வளைந்திருந்தது. ஏணியில் நின்று ஏசி மாட்டுகிறவனுக்கு அப்படித்தான் வளையும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை.

அவள் கண்ணை மூடி முஃபீதின் முதுகை நினைத்துப் பார்த்தாள். முகம் வந்தது. சிரிப்பு வந்தது. போனில் தெரிகிற நெற்றி, மீசை, பின்னாலிருக்கும் கட்டில் எல்லாம் வந்தன. முதுகு வரவில்லை. பதினைந்து வருடத்தில் அவனோடு இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தாலும் ஒரு வருடம் தேறாது. விமான நிலையத்தில் அவன் திரும்பி நடந்து போகும்போது மட்டும்தான் அந்த முதுகை அவள் நன்றாகப் பார்த்திருக்கிறாள். அப்போது அதன் மேல் பை தொங்கும். கண்ணில் நீர் வேறு நிற்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் வீடியோ கால் செய்தான். அவள் கடை ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டு, படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மச்சான், சட்டையக் கழட்டிட்டுத் திரும்பி நில்லுங்க."

முஃபீத் விழுந்து விழுந்து சிரித்தான். "என்னட்டி ஆச்சு ஒனக்கு? ரூம்ல ஆளு இருக்கு."

"திரும்புங்கன்னா திரும்புங்க. ஒரு கையத் தலையில வைங்க."

அவள் குரலில் என்ன கேட்டதோ, அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனைச் சுவரில் சாய்த்து வைத்தான். சட்டையைக் கழற்றினான். திரும்பினான். கையைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்து நெட்வொர்க் நின்றுவிட்டது. திரையில் அவன் முதுகு உறைந்துபோய் நின்றது. நஸீபா திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருமுறை பார்த்தால் அதேதான். மறுமுறை பார்த்தால் யாரோ. "மச்சான்... மச்சான்..." என்றாள். திரையில் இருந்தவன் திரும்பவில்லை. இணைப்பு அறுந்தது.

கொஞ்சநேரத்தில் அவனே கூப்பிட்டான். எப்போதாவது மெயின் அருவியில் குளித்திருக்கிறானா என்று கேட்டாள். "மெயினருவியிலயா? பத்துப் பதினோரு வருசம் முன்ன கூட்டாளிகளோட போயிருப்பேன். யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்றான். படத்தைப் போனில் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "என் முதுக நான் எங்கட்டி பாத்தேன்?" என்றான்.

அன்றே இருபத்தேழாம் எண்ணின் பதினோரு பிரதிகளையும் கொடியிலிருந்தும் பெட்டியிலிருந்தும் எடுத்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றி, ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில் வைத்தாள். தொழுகையில் உட்கார்ந்தால் அந்தப் பொட்டலம் நினைவுக்கு வந்தது. தினமும் காலையில் அவனுக்கு முதல் மெசேஜ் அனுப்பி, நீல டிக் விழும்வரை டீ குடிக்கமாட்டாள்.

மூன்று வாரம் கழித்து வடகரையிலிருந்து குற்றாலீஸ்வரன் என்ற தென்னந்தோப்புக்காரர் வந்தார். இறந்துபோன இளைய மகனைத் தேடி வந்திருந்தார். கொடி முழுக்க இரண்டு தடவை சுற்றிவிட்டு, "இல்லம்மா" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்.

நஸீபாவுக்கு என்ன தோன்றியதோ, "அண்ணாச்சி, நில்லுங்க" என்றாள். பொட்டலத்தை இழுத்துப் பிரித்தாள்.

அவர் பார்த்த மாத்திரத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இவந்தான். கழுத்தப் பாரு தாயி. எந்நேரமும் போனக் குனிஞ்சு பாத்துப் பாத்து... நிமிந்து நட்டக்க நில்லுலேன்னு எம்புட்டுத் தடவ சொல்லியிருப்பேன்." துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

நஸீபாவின் உடம்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் கழன்று விழுந்ததுபோல் இருந்தது. மூச்சு தாராளமாக வந்தது. உதட்டில் சிரிப்புகூட வந்துவிட்டது. எதிரே ஒரு மனிதர் செத்த மகனைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, தான் சிரிப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தாளைச் சுருட்டினாள். பதினோரு பிரதியையும் அவரிடமே கொடுத்துவிட்டாள். ஒன்று போதும் என்றார். "எல்லாத்தையும் கொண்டு போயிருங்க அண்ணாச்சி" என்று கெஞ்சுவதுபோல் சொன்னாள்.

ஆடியில் முஃபீத் விடுப்பில் வந்தான். பெட்டிகளில் மிச்சமிருந்த முந்நூறு சொச்சம் தாள்களை நஸீபா உமாதேவியிடம் திருப்பிக் கொடுத்தாள். தேடி வருகிறவர்களை இனி அங்கே அனுப்பிவிடுவதாகப் பேச்சு. உமாதேவி கோபித்துக்கொள்ளவில்லை. புது வீட்டுச் சுவரில் எல்லாவற்றையும் மாட்டிவைத்திருக்கிறாளாம். தனியாக இருப்பதுபோல் இல்லையாம்.

மறுவாரம் மூவரும் குற்றாலம் போனார்கள். அதீபா பெண்கள் பக்கம் குளிக்கப் போனாள். நஸீபா குளிக்கவில்லை. அருவிக்கு எதிரே பாலத்தில் நின்று ஆண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புகைபோல் திவலை பறந்தது. பாறையைப் பார்த்தபடி முதுகுகள் வரிசையாக நின்றன. இடமிருந்து நான்காவதாக, ஒரு கையைத் தலையில் வைத்து நின்றவன்தான் முஃபீத். அவனைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். போலீஸ்காரர் விசில் ஊதினார். வரிசை கலைந்தது, புது ஆட்கள் வந்தார்கள். நான்காவது ஆள் நகரவில்லை. மறுபடி விசில். அப்போதும் நகரவில்லை.

"யாரட்டி இப்படிப் பாத்துக்கிட்டிருக்க?"

முஃபீத் பின்னால் நின்றிருந்தான். தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவன் குளித்து வந்து, டீயும் குடித்து முடித்திருந்தான்.

நஸீபா அருவிப் பக்கம் மறுபடி திரும்பவில்லை. அவன் தோளிலிருந்த துண்டை உருவி, "திரும்புங்க" என்றாள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அவன் முதுகைத் துவட்ட ஆரம்பித்தாள். கழுத்துக்குக் கீழே ஒரு பழைய தீக்காயம் இருந்தது. வலது விலாவில் பட்டாணி அளவில் ஒரு மரு. இரண்டும் அவளுக்குப் புதிது.

"போதும்ட்டி, தோலு உரிஞ்சிரும்" என்றான் முஃபீத்.

"சும்மா நில்லுங்க" என்று அவள் மறுபடியும் தோளிலிருந்து துவட்டத் தொடங்கினாள்.