மஞ்சுவிரட்டுக்குப் போன கம்பியில்லாத் தந்தி

மாட்டுப் பொங்கலன்று சமயநல்லூர்ப் பக்கம் மஞ்சுவிரட்டு பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவலாம். உதவாமலும் போகலாம், நான் போனது மாடு பார்க்க அல்ல.

கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சர்க்கார் உரிமத்தோடு வீட்டில் கம்பியில்லாத் தந்தி, அதாவது ஒயர்லெஸ் பெட்டி, வைத்திருக்கிறேன். இதைக் கேள்விப்பட்டு வந்தார் காதர் மொய்தீன். நகரில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். முதலுதவித் தொண்டர் குழு ஒன்றையும் நடத்துகிறார்.

"அன்னிக்கு மூணு ஊர்ல மாடு விடுறாக சார். டாக்டர் ஒருத்தர்தான், மோட்டாரோட தல்லாகுளத்துல இருப்பாரு. சமயநல்லூர் ஸ்டேஷன்ல தந்தி இருக்கு. கூட்டத்துல ஆளு போய்ச் சேர முடியலேன்னா? நீங்க வரணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுத்துவிடலாம் என்பதுதான் யோசனை. மறுப்பதற்கும் கூச்சமாக இருந்ததால் போக நேர்ந்தது. தல்லாகுளத்தில் இன்னொரு கம்பியில்லாத் தந்தி வைத்திருக்கும் நண்பர் சீனிவாசன், டாக்டரோடு தன் வீட்டில் காத்திருக்க ஒப்புக்கொண்டார்.

அன்று மாட்டு வண்டி கிடைக்காது. மாடுகளுக்கு அது ஓய்வு நாள். முதல் நாளே ஜட்கா பேசி வைத்தேன். விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, வைகைப் பாலம் கடந்து போனோம். சமயநல்லூர் ஏறக்குறைய எட்டு மைல். மஞ்சுவிரட்டு நடக்கும் ஊர் அங்கிருந்து இன்னும் இரண்டு மைல். பாட்டரி குலுங்கக் கூடாதென்று வண்டி நிறைய வைக்கோல் பரப்பியிருந்தேன்.

"பெட்டியில என்ன சார், பாட்டா?" என்றார் ஜட்காக்காரர்.

"பாடாது. கீச்சிடும்."

"கீச்சிடுறதுக்கா இம்புட்டு வைக்கல்! குதிரை இங்கனயே திரும்பித் திரும்பிப் பாக்குது."

கண்மாய்க் கரையில் ஒரு புளியமரத்துக்கும் வேப்பமரத்துக்கும் இடையே ஏரியல் கம்பியைக் கட்டினோம். மின்சாரம் மரத்துக்குள் ஓடிவிடாமல் இரு முனைகளிலும் வெள்ளைப் பீங்கான் காய்களைக் கோத்திருந்தேன். ஒன்பதரை மணிக்குச் சீனிவாசனை அழைத்தேன். உடனே பதில் வந்தது. எனக்கே ஆச்சரியம். பெட்டியை வைத்திருந்த தொண்டர் கூடாரத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். மாடுகளைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

நண்பகலில் சின்னக்காளை என்ற வாலிபனைத் தூக்கி வந்தார்கள். தொடையில் கொம்பு ஆழமாக இறங்கியிருந்தது. தொண்டர்கள் காயத்துக்கு மேலே துணியை முறுக்கிக் கட்டி இரத்தத்தை நிறுத்தினார்கள். அந்தக் கட்டு நெடுநேரம் இருந்தால் காலே போய்விடும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். ஸ்டேஷனுக்கு அனுப்பிய சைக்கிள்காரர், மாடுகளும் ஜனங்களும் பாதையை அடைத்திருப்பதாகச் சொல்லித் திரும்பி வந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

செய்தியைத் தட்டி அனுப்பும் தந்திச் சாவியை அழுத்தினேன். ஏரியலில் மின்சாரம் ஏறுவதைக் காட்டும் மானியின் முள் அசையவில்லை. தவறு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்தேன். எல்லாம் சரி. கடைசியில்தான் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். கம்பியின் இரு முனைகளிலும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவுமாகப் பெரிய கொத்துகள், மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, பீங்கானை முழுக்க மூடி மரக்கிளையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. மின்சாரம் இலை வழியாக மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நாந்தேன் பயலுகள ஏத்திவிட்டுக் கட்டச் சொன்னேன்," என்றாள் சின்னக்காளையின் அக்கா வெள்ளையம்மாள். தம்பியின் தலை அவள் மடியில் இருந்தது. "ஊர்ல காப்புக் கட்டாத சாமான் இது ஒண்ணுதேன் இருந்துச்சு. உசுரக் காக்க வந்த பெட்டின்னாக."

அவிழ்க்க வேண்டுமே என்றேன்.

"காப்ப அவுக்குறதா? அவன் இப்படிக் கெடக்கையிலயா?"

ஈரம் மின்சாரத்தைக் கடத்தும் விதத்தை முப்பது வருஷம் விளக்கியவன் நான். அன்றும் "ஈரம் பட்டால்" என்று ஆரம்பித்தேன், அவள் தம்பியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தொண்டர்களோடு நின்றிருந்த காதர் மொய்தீன் அவள் பக்கத்தில் குந்தினார்.

"அவுத்துப் போட வேணாம் தங்கச்சி. எடத்த மாத்துவோம். கம்பியா பேசுது? இவுக கைதானே பேசுது? கையில கட்டிரு."

அவள் என் கையைப் பார்த்தாள். "நடுங்குதே அண்ணே."

"அதுக்குத்தான் காப்பு."

வெள்ளையம்மாள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, தலையாட்டினாள். இரண்டு தொண்டர்கள் மரமேறிக் கொத்துகளை இறக்கி, பீங்கானை வேட்டி முனையால் துடைத்தார்கள். அவள் என் வலது மணிக்கட்டில் காப்பை இறுக்கிக் கட்டினாள். சாவியை அழுத்தினேன். முள் எழுந்தது. தொடையில் குத்து, கட்டுப் போட்ட நேரம் இன்னது, பெரிய பாதை அடைப்பு, கண்மாய்க் கரை வழி வரவும் என்று அனுப்பினேன். சீனிவாசன் ஒவ்வொரு சொல்லையும் திருப்பி அனுப்பினார்.

முக்கால் மணி நேரத்தில் கரைமேல் புழுதி தெரிந்தது. டாக்டர் இரத்தக் குழாயைக் கட்டி, துணி முறுக்கைத் தளர்த்தி, "கால் பிழைச்சுது," என்றார். மோட்டாரில் ஏற்றும்போது சின்னக்காளை கண்ணைத் திறந்தான்.

"மாட்ட எவன்டா புடிச்சது?"

"ஒருத்தனும் புடிக்கல மாப்ள. அது சார் வண்டி வைக்கலத் தின்னுக்கிட்டு இருக்கு."

அது உண்மைதான். குதிரை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

போன வாரம் சின்னக்காளை கோலூன்றி என் வீட்டுக்கு வந்து, அடுத்த தைக்கும் வரவேண்டும் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இந்தத் தடவை யோசனை வேறு.

என்னைப் போல் பெட்டியோடு போகிறவர்களுக்கு: ஜட்காவை முதல் நாளே பேசுங்கள். திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து வைக்கோல் வையுங்கள். மோட்டார் வரக்கூடிய மாற்று வழியை முன்பே நடந்து பாருங்கள். கம்பியைக் கட்டி முடித்ததும் ஊர்ப் பெண்கள் வேப்பிலையோடு வந்தால் பௌதிகப் பாடம் நடத்தாதீர்கள், கையை நீட்டுங்கள். இடது கை உத்தமம். வலது கையில் கட்டினால் மஞ்சள் தண்ணீர் சாவிமேல் சொட்டுகிறது.